இணைய ஏலத்தில் பழைய வாட்ச் வாங்குகிறீர்களா? ஏலம் கேட்கும் முன் செய்ய வேண்டியவை

இணைய ஏலத்தில் நான் முதலில் எடுத்தது ஒரு ஒமேகா. அறுபது ஆண்டு பழைய வாட்சின் டயல் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே என்று மகிழ்ந்துதான் எடுத்தேன். கைக்கு வந்து மூன்று வாரம் கழித்து வாட்ச் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து அரை நிமிடம் பார்த்தார். டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்து எழுதியிருக்கிறார்கள், முட்கள் வேறு வாட்சினுடையவை, சாவி கொடுக்கும் கிரவுனும் ஒமேகாவுடையது இல்லை என்றார். விற்றவருக்கு எழுதினேன். "டயல் ஒரிஜினல் என்று நான் எங்கே சொன்னேன்?" என்று பதில் வந்தது. விளம்பரத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அவர் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. ஏழு வாரம் போராடியும் பாதிப் பணத்துக்கு மேல் திரும்பவில்லை.

அந்த ஒரு பதிலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய வாட்ச் விற்பதில் அப்பட்டமாகப் பொய் சொல்பவர்கள் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம். பொய் சொன்னவரைப் பிடிக்க வழி இருக்கிறது. சொல்லாமல் விட்டவரைப் பிடிப்பது கடினம். அதனால் கீழே வரும் படிகளில் பல, விற்பவர் சொல்லாமல் விட்டதை ஏலத்துக்கு முன்பே கண்டுபிடிப்பதையும் எழுத்தில் சொல்ல வைப்பதையும் பற்றியவை.

1. ஒரே ஒரு மாடலை எடுத்துப் படியுங்கள்

"ஏதாவது ஒரு நல்ல பழைய வாட்ச்" என்று தேடாதீர்கள். ஒரு பிராண்ட், அதில் ஒரு மாடல் எண் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த மூன்று, நான்கு வாரம் எதற்கும் ஏலம் கேட்க வேண்டாம். அந்த மாடலில் விற்று முடிந்த ஏலங்களைத் தேடி, படங்களைச் சேமித்து, ஒவ்வொன்றும் கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று குறித்து வையுங்கள். முப்பது, நாற்பது சேர்ந்ததும் கண் பழகிவிடும். டயலில் எழுத்து எந்த வடிவத்தில் இருக்கும், முட்கள் எவ்வளவு நீளம், கிரவுனில் முத்திரை உண்டா, பின்மூடியின் உள்ளே என்ன பொறித்திருக்கும், உள்ளே எந்த மூவ்மென்ட் (வாட்சை ஓட வைக்கும் இயந்திரம்) இருக்க வேண்டும் என்பதெல்லாம் மனதில் பதியும். விலையும் அப்படித்தான். வழக்கமான விலையில் பாதிக்கு ஒன்று தெரிந்தால், அதில் ஏதோ குறை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்பு எப்படி உதவும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் முதலில் இருந்தது 321 என்ற மூவ்மென்ட். 861 என்ற மூவ்மென்ட் வந்தது 1968-இல். "1965 ஸ்பீட்மாஸ்டர்" என்று விளம்பரம் சொல்லி, பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தில் 861 தெரிந்தால், ஒன்று ஆண்டு தவறு, இல்லையென்றால் உடலும் உள்ளே இருப்பதும் வேறு வேறு வாட்சிலிருந்து வந்தவை. இந்த ஒரு தகவல் தெரிந்தவருக்கு அந்த ஏலம் அங்கேயே முடிந்துவிடும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பழைய சீக்கோவில் தொடங்குங்கள் என்பதுதான். சரிபார்க்க வேண்டிய எண்கள் பெரும்பாலும் மூடியைத் திறக்காமலே தெரியும். பின்மூடியில் மாடல் எண் இரண்டு பகுதியாக இருக்கும். முதல் நான்கு இலக்கம் மூவ்மென்ட், அடுத்த நான்கு இலக்கம் கேஸ், அதாவது வாட்சின் வெளி உடல். டயலின் அடி ஓரத்தில், 6-க்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கமும் பின்மூடியில் உள்ள மூவ்மென்ட் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு பூஜ்யம், நவம்பருக்கு ஆங்கில 'என்', டிசம்பருக்கு ஆங்கில 'D'. ஆண்டில் ஒரு இலக்கம்தான் இருப்பதால் 1 என்றால் 1961-ஆ, 1971-ஆ என்ற கேள்வி வரும். அந்த மாடல் எந்தக் காலத்தில் தயாரானது என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும்.

முதல் வாட்சாக ஸ்டாப் வாட்ச் வசதி உள்ள குரோனோகிராப் வேண்டாம். பாகங்கள் அதிகம், பழுதும் செலவும் அதிகம். 1960-இல் வந்த அக்யூட்ரான் போல இசைக்கவை அதிர்வில் ஓடும் வாட்சுகளும் இப்போதைக்கு வேண்டாம். பழுது பார்க்கத் தெரிந்தவர் மிகச் சிலரே, அதற்கென்றிருந்த பழைய பாதரச பேட்டரியும் இப்போது கிடைப்பதில்லை. நேரம் மட்டும் காட்டும், சாவி கொடுக்கும் வாட்ச் போதும்.

2. விளம்பரத்தில் இல்லாததைத் தேடுங்கள்

விளம்பர வாசகங்களில் சில திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் உண்மையில் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"நன்றாக ஓடுகிறது" என்றால் படம் எடுத்த நேரத்தில் ஓடியது என்றுதான் பொருள். நேரம் சரியாகக் காட்டும் என்று அதில் இல்லை. "அண்மையில் சர்வீஸ் ஆனது" என்றால் யார், எப்போது செய்தார், பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லாத சர்வீஸை நடக்காத சர்வீஸ் என்றே கணக்கில் எடுங்கள். "ரீஸ்டோர் செய்தது" என்றால் பெரும்பாலும் டயல் மறுபடி எழுதப்பட்டது, கேஸ் பாலிஷ் ஆனது. "ஒரிஜினல் மூவ்மென்ட்" என்று மட்டும் இருந்தால், டயலையும் முட்களையும் பற்றி ஏன் பேசவில்லை என்று யோசியுங்கள்.

"தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, எனக்கு வாட்ச் பற்றி ஒன்றும் தெரியாது" என்ற வரியைப் பார்த்தால், அதே கணக்கில் விற்பனைக்கு இருக்கும் மற்ற பொருள்களைத் திறந்து பாருங்கள். அங்கே இன்னும் இருபது வாட்ச் இருந்தால் தாத்தா கதையை நம்ப வேண்டாம்.

தங்கம் என்று வந்தால் சொற்களை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். தங்கக் கேஸ் என்றால் 750, 585, 375 போன்ற முத்திரை இருக்கும். முறையே 18, 14, 9 காரட். "20 மைக்ரான்" என்றால் முலாம். "கோல்டு பில்டு", "ரோல்டு கோல்டு" என்றால் வேறு உலோகத்தின் மேல் தங்கத் தகடு. "18 காரட் தங்க முலாம்" என்று எழுதிவிட்டு, தலைப்பில் "18 காரட் தங்கம்" என்று மட்டும் போடுவது அடிக்கடி நடக்கிறது.

3. படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு ஏலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது அதிகமில்லை.

முதலில், படங்கள் விற்பவருடையவைதானா என்று பாருங்கள். படத்தைக் கொண்டு தேடும் வசதியில் ஒவ்வொரு படத்தையும் போட்டுப் பாருங்கள். அதே படம் இரண்டு ஆண்டுக்கு முன் வேறொருவர் விற்ற ஏலத்தில் இருந்தால் விலகிவிடுங்கள். ஒரே ஏலத்தின் படங்களுக்குள்ளேயே கீறல் இடம் மாறியிருக்கிறதா, ஸ்ட்ராப் வேறாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் டயல். வாட்சின் மதிப்பில் பெரும் பங்கு டயலில்தான் இருக்கிறது, மோசடியும் அங்கேதான் அதிகம். மறுபடி எழுதிய டயலில் நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் விலகி நிற்கும். எழுத்துகளின் தடிமன் ஒன்றுபோல் இருக்காது. மணிக் குறிகளின் ஓரத்தில் பெயின்ட் ஏறியிருக்கும். அடியில் இருக்க வேண்டிய "ஸ்விஸ்" என்ற சொல் காணாமல் போயிருக்கும், அல்லது இடம் தள்ளி நிற்கும். சில டயல்களின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு தெரியும். மறுபடி எழுதும்போது அடையாளத்துக்கு இட்டது அது. நீங்கள் சேமித்து வைத்த நல்ல டயல் படத்தை அருகில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வயதுக்கேற்ற மங்கலும் புள்ளிகளும் உள்ள ஒரிஜினல் டயல், பளபளக்கும் புது எழுத்து டயலைவிட எப்போதும் மேல். நான் இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஒமேகாவின் விலையைக் கொடுத்தேன்.

இருட்டில் ஒளிரும் பூச்சு நல்ல சாட்சி. 1960-கள் வரை ரேடியம் பயன்பட்டது, பிறகு டிரிட்டியம். டிரிட்டியம் உள்ள ஸ்விஸ் டயல்களின் அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில 'T' எழுத்து இருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. 50 ஆண்டு கழித்து அதில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே 1970 வாட்ச் ஒன்று இருட்டில் பளீரென்று நெடுநேரம் ஒளிர்கிறது என்று படம் போட்டிருந்தால், பூச்சு புதிது. டயலில் பழுப்பும் முள்ளில் வெள்ளையுமாக இருந்தால் முட்கள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேடியம் பூச்சின் ஒளி போனாலும் கதிரியக்கம் போவதில்லை, அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்கவோ பூச்சைச் சுரண்டவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் கெடுதல்.

கேஸைப் பக்கவாட்டில் பாருங்கள். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு கொம்புகளை லக் என்பார்கள். அவற்றின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். சோப்புக் கட்டி போல வழவழவென்று உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் ஆகியிருக்கிறது. தேய்ந்த உலோகம் திரும்ப வராது. பின்மூடியின் பொறிப்பு மங்கியிருந்தாலும் அதுதான் காரணம்.

மூவ்மென்ட் தெரியாத வாட்சை வாங்காதீர்கள். பின்மூடியைத் திறந்த படம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். "திறக்கும் கருவி இல்லை" என்பார்கள். எந்த வாட்ச் கடையிலும் சில நிமிடத்தில் திறந்து தருவார்கள், நாளை ஒரு படம் அனுப்பினால் போதும் என்று எழுதுங்கள். நல்ல விற்பனையாளர் செய்துவிடுவார்.

புதியவர்கள் அடிக்கடி விழும் ஒரு பள்ளம் "மேரேஜ் வாட்ச்" எனப்படும் கூட்டுப் பொருள். பழைய பாக்கெட் வாட்சின் மூவ்மென்டை எடுத்து, புதிதாகச் செய்த பெரிய கேஸில் போட்டு, புது டயலில் பெரிய பிராண்ட் பெயரை எழுதி, "1915 கைக்கடிகாரம்" என்று விற்பார்கள். மூவ்மென்ட் உண்மையிலேயே பழையதுதான், மற்ற எல்லாம் புதிது. அந்தக் காலத்துக் கைக்கடிகாரங்கள் சிறியவை. 45 மில்லிமீட்டர் கேஸ், கண்ணாடிப் பின்மூடி, பூ வேலைப்பாடு எல்லாம் சேர்ந்திருந்தால் இந்த வகைதான்.

4. விற்பவரின் கணக்கைப் படியுங்கள்

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மதிப்பீடுகள் எதற்கு வந்தவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருநூறு நல்ல மதிப்பீடும் போன் உறைக்கும் சாவிக்கொத்துக்குமே வந்திருந்தால், விலை உயர்ந்த வாட்சை விற்பதில் அவருக்கு எந்தப் பெயரும் இல்லை என்று பொருள். மலிவுப் பொருளில் மதிப்பீடு சேர்த்துக்கொண்டு, ஒரே வாரத்தில் பத்து விலை உயர்ந்த வாட்சை ஏலத்தில் விட்டு மறைபவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டு சும்மா கிடந்த கணக்கு திடீரென்று விற்கத் தொடங்கினால், அது திருடப்பட்ட கணக்காகவும் இருக்கலாம்.

குறை சொன்ன மதிப்பீடுகளை முதலில் படியுங்கள். அதைவிட முக்கியம், அவற்றுக்கு அவர் எழுதிய பதில். "திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன்" என்பவரும் "படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பவரும் ஒன்றல்ல. திரும்பப் பெறுவதில்லை என்று போட்டிருக்கும் விற்பனையாளரிடம் முதல் வாட்ச் வாங்காதீர்கள்.

5. எழுத்தில் கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கேள்விகளை ஏலத் தளத்தின் செய்திப் பெட்டியில் மட்டும் கேளுங்கள். தொலைபேசியிலோ வேறு செயலியிலோ பேசிய எதுவும் பிறகு சச்சரவு வந்தால் கணக்கில் வராமல் போகலாம். நான் இப்போது அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

"வணக்கம். வாட்ச் பிடித்திருக்கிறது. ஏலம் கேட்கும் முன் சில விவரங்கள் வேண்டும். டயல் மறுபடி எழுதப்பட்டதா, தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கிறதா? முட்கள், கிரவுன், கண்ணாடி இவற்றில் எவை மாற்றப்பட்டவை? கேஸ் பாலிஷ் ஆனதா? முழுச் சாவி கொடுத்தால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? ஒரு நாளில் எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது? மூவ்மென்டையும் பின்மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? முட்களை 7 மணி 23 நிமிடத்தில் வைத்து, அருகில் இன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு படமும் வேண்டும்."

கடைசி வேண்டுகோள் வாட்ச் அவர் கையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. திருடிய படங்களை வைத்திருப்பவரால் அதை அனுப்ப முடியாது.

பதில்களை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். "டயல் ஒரிஜினல்" என்று எழுதிக் கொடுத்தால் அந்த வரியே பின்னால் உங்கள் சாட்சி. "எனக்குத் தெரியவில்லை" என்றால் மறுபடி எழுதியது என்று வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஐந்து கேள்வியில் மூன்றுக்கு மட்டும் பதில் வந்தால், விடுபட்ட இரண்டை மட்டும் ஒருமுறை திரும்பக் கேளுங்கள். மறுபடியும் விட்டால் போய்விடுங்கள். ஏலம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். குறைந்தது மூன்று நாள் முன்பே அனுப்புங்கள்.

சிலர் வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் என்னும் கருவியின் திரையைப் படம் எடுத்துப் போடுவார்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்பக்கம் இருக்கும்படி வைத்தால், உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 270 பாகைக்கு அருகிலோ மேலோ இருப்பது நல்லது. 200-க்குக் கீழ் என்றால் சர்வீஸ் தேவை. ஆனால் அந்த எண்ணைக் கூட்டிக் காட்ட முடியும். கருவியில் லிப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை உயர்த்தி வைத்தால் வீச்சு அதிகமாகத் தெரியும். அந்த மூவ்மென்டுக்கு உரிய லிப்ட் ஆங்கிளைத் தேடி, திரையில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. காகிதமும் பெட்டியும்

பெட்டி, உத்தரவாத அட்டை, பழைய பில் எல்லாம் தனித்தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள வரிசை எண் வாட்சின் எண்ணோடு ஒத்துப்போனால் மட்டுமே மதிப்பு. எண் எழுதாத வெற்று அட்டைக்குக் கூடுதலாக எதுவும் தராதீர்கள்.

லாஞ்சின்ஸ், படேக் பிலிப் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேட்டிலிருந்து சான்று தருவதுண்டு. அந்த எண்ணுள்ள வாட்ச் எந்த மாடலாக எப்போது வெளியே போனது என்று அதில் இருக்கும். இன்று உங்கள் முன் இருக்கும் டயலும் முட்களும் அன்று இருந்தவைதான் என்று அந்தக் காகிதம் சொல்வதில்லை. 2021-இல் ஜெனீவாவில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1, 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது அது என்று 2023-இல் தெரியவந்தது. நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் தொடர்பு இருந்ததாக ஒமேகாவே அறிவித்தது. அவ்வளவு பெரிய ஏலத்திலேயே அது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். காகிதம் இருக்கிறது என்பதற்காக மூன்றாவது படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

7. மொத்தச் செலவை முதலில் எழுதுங்கள்

ஏலத்தில் கேட்கும் தொகை செலவின் ஒரு பகுதிதான். ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடமும் கட்டணம் வாங்கும். பல இடங்களில் அது ஏலத்தொகையில் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அதன் மேல் அனுப்பும் செலவு, காப்பீடு. வேறு நாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி. பெரும்பாலும் வரி வாட்சின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும். விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பதோடு, வழியில் தொலைந்தால் எழுதிய தொகைக்குத்தான் காப்பீடு கிடைக்கும்.

முதலைத் தோல், பல்லித் தோல் ஸ்ட்ராப் இருந்தால் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். வனவிலங்குப் பொருள் விதிகளால் சுங்கத்தில் பிடித்து வைத்துவிடலாம்.

சர்வீஸ் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏலம் கேட்கும் முன்பே உங்கள் வாட்ச் பழுது பார்ப்பவரிடம் அந்த மூவ்மென்டின் பெயரைச் சொல்லி, சர்வீஸுக்கு என்ன ஆகும், பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். சில பெரிய ஸ்விஸ் பிராண்டுகள் வெளி ஆட்களுக்குப் பாகம் தருவதில்லை. என் கணக்கில், ஏலத்தொகை 100 என்றால் கையில் கட்டும் நிலைக்கு வர 150 முதல் 170 வரை ஆகிறது. உங்களால் செலவழிக்க முடிந்தது 100 என்றால், கேட்க வேண்டியது 60-தான்.

8. ஏலம் கேட்கும் நாள்

உங்கள் உச்சத் தொகையை முந்தைய நாளே தாளில் எழுதி வையுங்கள். ஏலம் முடியும் நேரத்தில் மனம் நம் பேச்சைக் கேட்காது. முடியும் நேரம் மாறாத ஏலமாக இருந்தால் கடைசிச் சில நொடிகளில் ஒரே ஒரு முறை அந்த உச்சத் தொகையைப் போடுங்கள். முன்கூட்டிப் போட்டால் விலையை ஏற்றிவிட நேரம் கொடுத்ததாகிவிடும்.

விற்பவரே ஆள் வைத்து விலை ஏற்றுவது நடக்கிறது. ஏலம் கேட்டவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். மதிப்பீடு மிகக் குறைவான ஒருவர் இந்த விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, எதையும் வெல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கேட்ட தொகையைப் பலமுறை திரும்பப் பெற்றிருந்தாலும் அப்படியே. போன மாதம் "விற்றுப்போன" அதே வாட்ச் இன்று மறுபடி ஏலத்தில் நின்றால் அதுவும் ஒரு தடயம்.

தோற்ற பிறகு இன்னொரு பொறி இருக்கிறது. "வென்றவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட தொகைக்கே தருகிறேன்" என்று மின்னஞ்சல் வரும். ஏலத் தளத்தின் செய்திப் பெட்டியிலும் அதே செய்தி இல்லையென்றால் அது மோசடி. அங்கே இருந்தாலும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். உங்களை உச்சத் தொகை வரை ஏற்றிவிட்டவர் யார் என்று பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

9. பணம் கட்டுவது

தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். வெளியே கட்டினால் பத்து சதவீதம் குறைக்கிறேன் என்பவரிடம் எவ்வளவு நல்ல வாட்ச் இருந்தாலும் வேண்டாம். பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் முறையில் கட்டினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. நேரடி வங்கிப் பரிமாற்றமும் அப்படித்தான், போனால் போனதுதான். கிரெடிட் கார்டில் கட்டினால் தளம் கைவிட்டாலும் வங்கி வழியாகப் புகார் செய்ய இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பணம் கட்டிய அன்றே விளம்பரப் பக்கம் முழுவதையும், படங்களையும், செய்திகளையும் சேமித்துவிடுங்கள். சில விளம்பரங்கள் பிறகு காணாமல் போய்விடும்.

10. பெட்டி வந்த அன்று

பெட்டியைத் திறக்கும் முன் கேமராவை ஓட விடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டிய டேப், உள்ளே இருக்கும் பொதி, வாட்சின் முன்பக்கம், பின்பக்கம், வரிசை எண் எல்லாம் நிறுத்தாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவுக்கு மதிப்பில்லை.

ஸ்ட்ராப்பை மாற்றாதீர்கள், பாலிஷ் துணியால் துடைக்காதீர்கள், நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. வாட்ச் வழியில் இருக்கும்போதே பழுது பார்ப்பவரிடம் நேரம் வாங்கி வையுங்கள். நான் செய்த இரண்டாவது தவறு இதுதான். வாட்ச் வந்து மூன்று வாரம் கையில் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு அதன் பிறகே அவரிடம் போனேன். புகார் செய்யும் கெடுவில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. வந்த மூன்று நாளுக்குள் திறந்து பார்த்துவிட வேண்டும். அவர் கண்டதைக் கடைத் தாளில் தேதி, கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள், மூவ்மென்டின் படத்தோடு.

11. ஏமாற்றம் என்று தெரிந்தால்

முதல் செய்தியைக் கோபமில்லாமல், சுருக்கமாக, தளத்தின் வழியே அனுப்புங்கள். "டயல் ஒரிஜினல் என்று இந்தத் தேதியில் எழுதியிருந்தீர்கள். மறுபடி எழுதப்பட்டது என்று பழுது பார்ப்பவர் சான்று தந்திருக்கிறார். முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தால் வாட்சைத் திருப்பி அனுப்புகிறேன்." இவ்வளவு போதும். மூன்று நாள் காத்திருங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்", "ஊரில் இல்லை" என்று நாளைக் கடத்துவது கெடு முடியும்வரை உங்களை நிறுத்தி வைக்கத்தான். நான்காம் நாள் தளத்தில் முறையான புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கெடுவைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஈபேயில் பொதுவாகப் பொருள் வந்ததிலிருந்து 30 நாள். பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள். ஏல நிறுவனங்கள் பலவற்றில் சில நாட்கள்தான், சிலவற்றில் உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில் விற்பதால் அதுவும் இல்லை. இந்த விதிகள் அவ்வப்போது மாறும், கட்டும் முன் அந்தத் தளத்தின் பக்கத்திலேயே படித்துவிடுங்கள்.

புகாரோடு சேர்க்க வேண்டியவை: சேமித்த விளம்பரப் பக்கம், கேள்வியும் பதிலும், திறந்த வீடியோ, பழுது பார்ப்பவரின் தாள், நல்ல டயலையும் உங்கள் டயலையும் பக்கத்தில் வைத்துக் குறியிட்ட ஒரு படம். புகாரை முடிவு செய்பவருக்கு வாட்ச் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்குப் புரிய வேண்டியது, சொன்னது ஒன்று, வந்தது வேறு என்பது மட்டும். அதை முதல் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

பாதிப் பணம் தருகிறேன், வாட்சையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் வரும். ஒப்புக்கொண்டால் பல தளங்களில் புகார் அத்தோடு மூடப்பட்டுவிடும். நான் அப்படித்தான் மாட்டினேன். திருப்பி அனுப்புவதென்றால் கண்காணிப்பு எண்ணும் கையெழுத்து வாங்கும் வசதியும் உள்ள அஞ்சலில், முழுத் தொகைக்குக் காப்பீடு செய்து, புகாரில் தளம் காட்டும் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். பெட்டியில் வைத்து மூடும்வரை அதையும் வீடியோ எடுங்கள்.

12. வாட்ச் நன்றாக இருந்து, வைத்துக்கொள்வதென்றால்

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: கேஸை பாலிஷ் செய்யக் கூடாது, டயலைத் தொடக் கூடாது, மாற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். நல்லெண்ணத்தில் பளபளப்பாக்கித் தருபவர்கள் உண்டு, சொல்லாவிட்டால் செய்துவிடுவார்கள். மூடி திறந்திருக்கும்போது பின்மூடியின் உட்புறத்தையும் மூவ்மென்ட் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்கள், சர்வீஸ் பில், ஏலப் பக்கம், விற்பவரின் பதில்கள், சிறு உறையில் போட்ட பழைய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள். நாளை நீங்கள் இதை விற்கும்போது, வாங்குபவர் மேலே உள்ள கேள்விகளையெல்லாம் உங்களிடம் கேட்பார்.